புல்லுக்குத் தண்ணி விட்ட நாள்

1990ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் பக்கத்துச் சட்டனில் புல்லெல்லாம் வைக்கோலாகிப் போனது. தெருவோரம், பார்க், ஸ்ரேசனுக்குப் பக்கத்து மேடு எல்லாம் ஒரே நிறம். நடந்தால் காலடியில் நொறுங்குகிற சத்தம் கேட்கும். பாலேந்திரா அண்ணை கெயர்டேக்கராக இருந்த செஸ்நட் கோர்ட்டின் புல்வெளி மட்டும் ஜூலை தொடக்கம் வரை பச்சையாக நின்றது. பிறகு அதுவும் போனது.

செஸ்நட் கோர்ட் மூன்று மாடிச் செங்கல் கட்டடம். சொந்தக் காசில் பிளாற் வாங்கி இருந்த வெள்ளைக்காரர், அனேகமாக ரிட்டையரான ஆட்கள். கீழே பொயிலர் அறைக்கு அடுத்ததாக இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட சின்ன இடம் கெயர்டேக்கருக்கு. வேலை இருக்கும் மட்டும் வீடு இருக்கும். வேலை போனால் வீடும் போகும். பாலண்ணையும் அவருடைய மனைவி அருமைநாயகி அக்காவும் அதில் மூன்று வருடமாக இருந்தார்கள்.

நானும் பெனடிக்ற்றும் அடுத்த தெருவில் ஒரு அறை எடுத்து, ஒரே பெற்றோல் ஸ்ரேசனில் மாறி மாறி ஷிப்ட் செய்துகொண்டிருந்தோம். பெனடிக்ற் பாசையூரான். வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இரண்டு பேருக்கும் அருமையக்கா வீட்டில்தான் சாப்பாடு. ஒருநாள் போகாவிட்டால் அடுத்த கிழமை பேச்சு விழும்.

அந்தப் புல்வெளிக்கு நிலத்துக்குக் கீழே குழாய் போட்டிருந்தார்கள். குழாய் நெடுக பத்துப் பன்னிரண்டு தலைகள். மெயின் குழாயைத் திறந்தால் அந்தத் தலைகள் புல்லுக்குள் இருந்து ஆமை கழுத்தை நீட்டுவதுபோல் எழும்பி, சுற்றிச் சுற்றித் தண்ணீர் அடிக்கும். பூட்டினால் திரும்ப உள்ளே போய்விடும். பாலண்ணை ஊரில் சுன்னாகத்தில் வோட்டர் பம்ப் திருத்தினவர். அதனால் இந்த வேலை அவருக்கு விருப்பம். பனிக்காலத்துக்கு முதல் குழாயில் இருக்கிற தண்ணீரையெல்லாம் வடிய விடவேண்டும், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். வசந்தத்தில் ஒவ்வொரு தலையையும் கழற்றி, வினாகிரியில் ஊறவிட்டு, ஓட்டைகளில் அடைத்திருக்கும் சுண்ணாம்பை ஊசியால் குத்தி எடுக்கவேண்டும்.

"லண்டன் தண்ணியும் எங்கடை தண்ணி மாதிரித்தான்," என்பார். "கேத்திலுக்கை பாத்தனியே? ஒரே சுண்ணாம்பு."

தலைகளைத் திரும்பப் பூட்டி ஓடவிட்டுப் பார்க்கும்போது அருமையக்கா பொயிலர் அறைக்குள் நின்று குழாயைத் திறந்து பூட்டுவா. பாலண்ணை வெளியே புல்லில் குனிந்து நின்றபடி கத்துவார்.

"திற!"

"திறந்திட்டன்!"

"பூட்டு, பூட்டு! அங்காலைத் தலை நிண்டிட்டுது."

"ஒரு முடிவா சொல்லுங்கோப்பா. திறக்கிறதோ பூட்டுறதோ?"

இந்தக் குழாய்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர்க் கம்பெனியிடம் லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டும். கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, மெயின் குழாயில் பூட்டியிருந்த கைமுட்டி அளவான பித்தளை வால்வைச் சோதித்துவிட்டுப் போவார். அந்த வருடம் அவர் வந்த அன்று நாங்களும் அங்கே இருந்தோம். அவர் போனபிறகு, உது என்ன சாமான் என்று பெனடிக்ற் கேட்டான்.

"உள்ளுக்கை ஒரு சின்னக் கதவு இருக்கு," என்றார் பாலண்ணை. "தண்ணி அங்காலை போகலாம். திரும்பி இஞ்சாலை வரேலாது. புல்லுக்கை கிடந்த ஊத்தைத் தண்ணி குடிக்கிற குழாய்க்கை வந்தால் ஆக்களுக்கு வருத்தம் வருமெல்லே."

"அப்ப எங்களுக்கும் ஹீத்ரோவிலை உதைத்தான் பூட்டி விட்டவங்கள், அண்ணை. வரலாம், திரும்பிப் போகேலாது."

"உனக்கு எல்லாம் பகிடி."

"பகிடி இல்லை. உங்கடை புல்லுக்கும் வருசா வருசம் லைசென்ஸ், உங்களுக்கும் வருசா வருசம் விசா. ஆரை முதல்லை நிப்பாட்டுறாங்கள் எண்டு பாப்பம்."

குசினிக்குள் இருந்து அருமையக்கா சத்தம் போட்டா. "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு பெனடிக்ற். உனக்குக் கரிநாக்கு."

ஜூலையில் கம்பெனி தடை போட்டது. ஸ்பிரிங்க்ளர், ஹோஸ் பைப் ஒன்றும் ஓடக்கூடாது. செஸ்நட் கோர்ட் கமிட்டியின் தலைவி மிசிஸ் வில்மொட் கீழே இறங்கி வந்து பாலண்ணையிடம் சொன்னா. "பாலா, ஒரு சொட்டுக்கூட வேண்டாம். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலிலேயே இருக்கிறார்கள்." அதற்கு முதல் வருடத் தடையில் பக்கத்துத் தெருவில் ஒரு ஐரிஷ்காரக் கெயர்டேக்கர் ரோசாச் செடிகள் வாடுகிறதே என்று ஒரு பின்னேரம் தண்ணீர் திறந்துவிட்டார். யாரோ போன் பண்ணிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் லைசென்ஸ் போனது, அவருடைய வேலையும் வீடும் போனது. அது பாலண்ணைக்குத் தெரியும். மெயின் குழாயைப் பூட்டி, அதைத் திருகித் திறக்கிற திறப்பைக் கொண்டுவந்து குசினிக் கதவுக்குப் பக்கத்தில், பிள்ளையார் கலண்டருக்குக் கீழே ஆணியில் கொழுவிவிட்டார்.

"அருமை, உதிலை கை வைக்கப்படாது," என்றார்.

"நான் ஏன் கை வைக்கிறன்? அது என்ன, சங்கிலியே எடுத்துப் போட?"

அந்தக் கோடையில் அவர்களுக்குப் புல்லைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஒரே மகன் நிமலன் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் நின்றான். தாய் தகப்பன் இங்கே வந்து, அவனைக் கூப்பிடப் பேப்பர் எல்லாம் சரிவந்தபோது அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பெரிய ஆள், சேர்க்கமுடியாது என்று விசா கொடுக்கவில்லை. வேறு வழி பார்த்துக்கொண்டிருக்கையில் ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியது. போன் இல்லை, கடிதம் இல்லை. கோட்டைப் பக்கம் ஆமிக்காரன் குண்டு போடுகிறான் என்று ரேடியோவில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். பெனடிக்ற்றின் அக்கா பெர்னடெற் கொழும்பில் இருந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வருகிறவர்களிடம் விசாரித்து அவ போன் பண்ணுவா. எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை அந்தப் போன் வந்தது. நான் கட்டிலில் இருந்தேன். பெனடிக்ற் படிக்கட்டடியில் நின்று கதைத்தான். "ஓம் அக்கா... ஓம்... ஆர் பாத்தது?" என்று கேட்டான். பிறகு போனை வைத்துவிட்டு மேலே வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தான்.

"மச்சான், பாலண்ணையின்ரை பெடியன் போயிட்டான்ரா."

மாமிக்கு மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்றிருக்கிறான். மேலே இருந்து குண்டு போட்டிருக்கிறார்கள். தப்பி வந்த ஒரு வாத்தியார் கண்ணால் கண்டவர். சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பக்கத்து வளவுக்குள்ளேயே விறகு அடுக்கி எரித்திருக்கிறார்கள். எரிந்து முடியமுதல் பிளேன் திரும்ப வந்துவிட்டது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். அந்தப் பக்கம் பிறகு ஒருவரும் போகவில்லை.

"காடாத்தக்கூட இல்லையாம்," என்றான் பெனடிக்ற். அவன் வேதக்காரன். அவர்கள் ஆட்களை மண்ணில் தாழ்க்கிறவர்கள். ஆனாலும் அயலில் பார்த்து வளர்ந்தவன், அவனுக்குத் தெரியும். எங்கள் ஊரில் எரித்த மறுநாளோ மூன்றாம் நாளோ சுடலைக்குப் போய், சாம்பலில் தண்ணீரும் பாலும் இளநீரும் தெளித்துச் சூட்டை ஆற்றி, எலும்பு பொறுக்கி எடுத்துக் கடலில் கரைக்கவேண்டும். அதைத்தான் காடாத்து என்பார்கள். அது செய்யாமல் விட்டால் போன உயிர் அந்தச் சூட்டிலேயே நிற்கும் என்பது சனங்களின் நம்பிக்கை.

நாங்கள் போனபோது பாலண்ணை பின்பக்கத்துக் கொட்டிலில் இருந்தார். தண்ணீர் ஓடாத காலம்தானே என்று தலைகளையெல்லாம் கழற்றி வாளிக்குள் ஊறப்போட்டிருந்தார். ஒன்றைக் கையில் வைத்து ஊசியால் குத்திக்கொண்டிருந்தார். பெனடிக்ற் சொன்னான். எப்படிச் சொல்லவேண்டும் என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

பாலண்ணையின் கை நிற்கவில்லை. அந்தத் தலையில் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் குத்தி முடித்தார். ஊதிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஆர் கொள்ளி வைச்சதாம்?"

"தெரியேல்லை அண்ணை."

"அவன்ரை மாமியின்ரை மனுசனா இருக்கும்."

"ஓம் அண்ணை. அவராத்தான் இருக்கும்."

கொட்டில் முழுக்க வினாகிரி மணம். வெளியே வெயில் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அவருடைய தோளில் கை வைத்தேன். அவர் கையைத் தட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"அருமைக்குச் சொல்லாதேங்கோ," என்றார். "செப்டெம்பரிலை அவவுக்கு ஒப்பரேசன். கர்ப்பப்பையிலை கட்டி. பிரஷர் ஏறினால் செய்யமாட்டம் எண்டு டொக்டர் சொன்னவர். ஒப்பரேசன் முடியட்டும். நானே சொல்லுறன்."

"பெத்த தாய், அண்ணை," என்றான் பெனடிக்ற். "எப்பிடி மறைக்கிறது?"

"மறைக்கத்தான் வேணும்." அவர் எழும்பிக் கையைத் துடைத்தார். "மீன் பொரியிற மணம் வருகுது. வாங்கோ. ஆளாளுக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வராதேங்கோ."

அருமையக்கா மேசையில் எல்லாம் எடுத்து வைத்திருந்தா. சனிக்கிழமை டூட்டிங் போய் வாங்கிய விளைமீன். பாதி குழம்பு, பாதி பொரியல். கத்தரிக்காய்ப் பால்கறி. சாவு நடந்த துடக்கு வீட்டில் முப்பத்தோராம் நாள் வரை மீன், இறைச்சி என்று மச்சம் காய்ச்சுவதில்லை, தின்பதில்லை. அன்றைக்கு அந்த வீடு துடக்கு வீடு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பாலண்ணை கோப்பையை இழுத்துச் சோறு போட்டார். ஒரு துண்டு மீனை எடுத்துப் போட்டார். முள்ளை விலக்கிச் சாப்பிடத் தொடங்கினார். நாங்களும் சாப்பிட்டோம்.

"என்ன பெனடிக்ற், இண்டைக்கு ரேடியோ பழுதோ?" என்று கேட்டா அக்கா. "சத்தத்தைக் காணேல்லை."

"ஷிப்ட் அக்கா. நித்திரை இல்லை."

"கொக்கா பெர்னடெற்றிட்டையிருந்து போன் ஏதும் வந்ததோ?"

"இல்லை அக்கா. லைன் எல்லாம் பிசியாம்."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு குழம்புச் சட்டியை எடுத்துப் பாலண்ணையின் கோப்பைக்குள் இன்னொரு துண்டு வைத்தா.

"போதும் அருமை."

"சாப்பிடுங்கோ. பொயிலர், ஏணி எண்டு ஏறி இறங்கிற ஆள். வெறும் வயித்தோடை திரியாதேங்கோ."

"நீங்கள் இருக்கேல்லையோ அக்கா?" என்று நான் கேட்டேன்.

"காய்ச்சின மணத்திலேயே வயிறு நிரம்பிட்டுது தம்பி. நான் பிறகு பாக்கிறன்."

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் போனோம். போகாமல் விட்டால் சந்தேகம் வரும் என்று பாலண்ணை கட்டாயப்படுத்தினார். ஒவ்வொரு ஞாயிறும் மீன் இருந்தது. ஒருநாள் றால்கூட இருந்தது. கழுவின தலைகளை அவர் புல்லுக்குள் குழாயில் திரும்பப் பூட்டி முடித்தார். ஒவ்வொரு நாளும் முகம் வழித்தார். துக்கத்துக்கு வழிக்காமல் விட்டால் அவவுக்குத் தெரிந்துவிடுமே. வழித்த கன்னம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அக்கா குசினி ஜன்னலடியில் நின்று புல்லையே பார்ப்பா. கேட்பதும் புல்லைப் பற்றித்தான்.

"உது செத்துப்போச்சோ?"

"சாகேல்லை. வேர் கிடக்கு. மழை வந்தால் எழும்பும்."

"பாக்க எரிஞ்ச காணி மாதிரிக் கிடக்கு."

பாலண்ணை ஜன்னல் திரையை இழுத்து விட்டார்.

ஓகஸ்ட் தொடங்கியதும் வெக்கை இன்னும் ஏறியது. இந்த நாட்டில் இப்படி வெயில் கண்டதில்லை என்று வயதான வெள்ளைக்காரர்களே சொன்னார்கள். தார் உருகிச் சப்பாத்தில் ஒட்டியது. அப்படி ஒரு நாளில் ரோட்டால் போன யாரோ சிகரெட் கட்டையை வேலிக்கு மேலால் எறிந்திருக்கவேண்டும். புல்வெளியின் ஓரம் பற்றிக்கொண்டது. பாலண்ணை மண்வெட்டியோடு ஓடி அடித்து, பொயிலர் அறையில் தொங்கிய சிவப்பு வாளி மணலைக் கொட்டி அணைத்தார். ஒரு பாய் விரிக்கிற அளவு இடம் கறுத்துப்போனது. நடுவில் இருந்து புகை வந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கு எனக்கும் பெனடிக்ற்றுக்கும் லீவு. வெயிலுக்குக் குடையும் தலைப்பாவுமாகப் பகிடி விட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பாலண்ணை கரி அப்பின முகத்தோடு குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஜன்னலில் நின்றா.

"இன்னும் புகையுது," என்றா.

"மண் போட்டிருக்கு. தானா அடங்கும்."

"தண்ணி ஊத்தேல்லையோ?"

"தடையெல்லே அருமை. வாளியிலை ஊத்தலாம்தான். எதிர்வீட்டுக்காரிக்கு வாளியும் ஒண்டுதான், ஸ்பிரிங்க்ளரும் ஒண்டுதான். ஏன் வீண் கதை?"

"தண்ணி ஊத்தாமல் எப்பிடிச் சூடு ஆறும்?"

"ஆறும். நீ ஜன்னலை விட்டு வா."

மூன்றாம் மாடியில் ஒரு கிழவியின் கதவு இறுகிவிட்டது என்று அப்போது பெல் அடித்தது. பாலண்ணை சுத்தியல், ஸ்பனர் வைத்த ஆயுதப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். நாங்கள் ரிவியில் கிரிக்கெட் போட்டோம். அக்கா பிரிட்ஜைத் திறந்து பூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவுச் சத்தம்.

கொஞ்ச நேரத்தில் வெளியே மழை பெய்வதுபோல் இரைந்தது. பெனடிக்ற் துள்ளி எழும்பினான். "மழையடா!" என்று ஜன்னலுக்கு ஓடினான். அங்கேயே நின்றுவிட்டான்.

நான் திரும்பிப் பிள்ளையார் கலண்டரைப் பார்த்தேன். ஆணியில் திறப்பு இல்லை.

வெளியே ஓடினோம். புல்வெளி முழுக்கத் தலைகள் எழும்பித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தன. காய்ந்த புல்லில் விழுந்த தண்ணீர் முதலில் உள்ளே போகாமல் திரண்டு உருண்டது. வெந்த மண் மணம் மூக்கில் ஏறியது. அருமையக்கா அந்தக் கறுத்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றா. சீலையும் தலைமயிரும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. கையில் பால்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போகிற பால் போத்தல். மூடியைக் கிழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியில் ஊற்றினா. மண்ணுக்குள் இருந்து ஆவி எழும்பியது.

"அக்கா!" என்று பெனடிக்ற் கத்தினான். அவ திரும்பவில்லை.

பாலண்ணை படியால் இறங்கி ஓடிவந்தார். வரும்போதே ரோட்டைப் பார்த்தார். எதிர்வீட்டில் இரண்டு பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மேலே மிசிஸ் வில்மொட் ஜன்னலைத் தள்ளித் திறந்து, "பாலா! நிறுத்து! உடனே நிறுத்து!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தா. அவர் பொயிலர் அறைக்குள் பாய்ந்தார். திறப்பு குழாயிலேயே மாட்டியிருந்தது.

"நிப்பாட்டாதேங்கோ!"

அது அருமையக்காவின் சத்தம். அப்படி ஒரு சத்தத்தை அவவிடம் நான் அதுவரை கேட்டதில்லை.

"நிப்பாட்டாதேங்கோப்பா. பிள்ளை சூட்டுக்கை கிடக்கிறான்."

பாலண்ணை திரும்பிக் கதவு நிலைக்கு வந்து நின்றார்.

"உனக்கு... உனக்கு ஆர் சொன்னது?"

"பிலோமினம்மா. டூட்டிங்கிலை மீன் கடையடியிலை. அவவுக்குக் கொழும்பாலை முதலே சேதி வந்திட்டுது." அவ பால் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்தபடியே சொன்னா. "எனக்குத் தெரியுமாக்கும் எண்டு நினைச்சுக் கட்டிப்பிடிச்சு அழுதவ. மீன் பை கையிலை. நீங்கள் அறிய முதல் நாள், சனிக்கிழமை."

"தெரிஞ்சுகொண்டோ காய்ச்சினனீ?"

"வேறை என்ன செய்ய? காய்ச்சாமல் விட்டால் ஏனெண்டு கேப்பியள். சொன்னால் நீங்கள் விழுந்துபோடுவியள். உங்களை எனக்குத் தெரியும். வேலைக்கு எழும்பமாட்டியள். பேந்து இந்த வீடும் இல்லை. அடுத்த நாள் கொட்டிலுக்காலை நீங்கள் வந்த முகத்தைப் பாத்தவுடனை விளங்கிட்டுது, உங்களுக்கும் தெரியுமெண்டு. பேசாமல் மீனைப் போட்டுச் சாப்பிட்டியள். சரி, எனக்காகத்தான் தின்னுறார் எண்டு நானும் கிழமைக்குக் கிழமை காய்ச்சினன்."

பாலண்ணை முகத்துக் கரியைக் கையால் துடைத்தார்.

"நான் ஒரு துண்டும் வாயிலை வைக்கேல்லையப்பா," என்றா அவ. "உங்களுக்குத்தான் தந்தன்."

மிசிஸ் வில்மொட் திரும்பவும் கூப்பிட்டா. எதிர்வீட்டுக்காரரில் ஒருவர் உள்ளே போனார். போன் பண்ணத்தான் போகிறார் என்று எங்களுக்கு விளங்கியது. பெனடிக்ற் பாலண்ணையிடம் ஓடினான்.

"அண்ணை, இப்ப பூட்டினாலும் சமாளிக்கலாம். நெருப்பு அணைக்கத் திறந்தது எண்டு சொல்லுவம். நான் சொல்லுறன். பூட்டுங்கோ அண்ணை. வீடு போகப்போகுது."

பாலண்ணை கையைக் குழாயில் வைத்தார். அவருக்கு ஒரு திருப்புத்தான் வேலை. எங்களுக்கு மேல் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. அருமையக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றா.

"பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, அருமை," என்றார்.

"இஞ்சை எங்கையப்பா சுடலை? புல்லுத்தானே."

அவர் கையை எடுத்தார். சப்பாத்தைக் கழற்றிக் கதவடியில் வைத்தார். வெறுங்காலோடு புல்லில் நடந்து அந்தக் கறுத்த இடத்துக்குப் போய், அவவின் கையிலிருந்த போத்தலை வாங்கினார். அடியில் கொஞ்சம் பால் இருந்தது. குனிந்து அதைத் தெளித்தார். போத்தலில் சுழற்றித் தண்ணீர் பிடித்து இன்னும் தெளித்தார். பிறகு அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்து, "ஐயோ என்ரை பிள்ளை" என்று கத்தினார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அடக்கி வைத்த சத்தம் அது. மேலே மிசிஸ் வில்மொட் கூப்பிடுவதை நிறுத்திவிட்டா.

கம்பெனி வான் வரும் மட்டும் தண்ணீர் ஓடியது. வந்தவன் பூட்டினான்.

அன்று பின்னேரம் அருமையக்கா உடுப்பு மாற்றி வந்து, பிரிட்ஜிலிருந்து ஒரு சட்டியை எடுத்து பெனடிக்ற்றின் கையில் கொடுத்தா. வெட்டிக் கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டி வைத்த மீன்.

"கொண்டுபோய்க் காய்ச்சித் தின் தம்பி," என்றா. "இனி இஞ்சை தேவையில்லை."

அந்த இரவு முதல்தான் அந்த வீடு செத்தவீடு ஆனது. சட்டனிலும் டூட்டிங்கிலும் இருந்து ஆட்கள் வந்தார்கள். பெண்கள் அந்தச் சின்ன அறையில் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். முதலில் மேல்வீட்டுக்காரர் நிலத்தில் தட்டினார். பிறகு யாரோ சொல்லியிருக்கவேண்டும், தட்டவில்லை.

கம்பெனி லைசென்ஸை நிறுத்தியது. கமிட்டி கூடியது. முடிவைச் சொல்ல மிசிஸ் வில்மொட் தானே இறங்கி வந்தா. கெட்ட மனுசி இல்லை. கதிரை நுனியில் இருந்துகொண்டு, ஏன் என்று மட்டும் கேட்டா. பெனடிக்ற் தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொல்லிப் பார்த்தான். எரித்த இடம், சூடு, தண்ணீர், ஆற்றவேண்டும் என்றான்.

"எங்கள் எல்லோருக்கும்தானே வெக்கையாக இருந்தது," என்றா அவ.

அப்போது பாலண்ணை சுவரில் மாலை போட்டிருந்த நிமலனின் படத்தைக் காட்டி, "மை சன்" என்றார். அவ படத்தைப் பார்த்தா. அருமையக்காவைப் பார்த்தா. கைப்பையைத் திறந்து மூடினா. "எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?" என்று கேட்டா. ஒருவருக்கொருவரே சொல்லாத வீடு. ஆனால் கமிட்டி எடுத்த முடிவு மாறவில்லை. செப்டெம்பர் கடைசியில் வெளிக்கிடவேண்டும். பிரஷர் ஏறிவிட்டது என்று அருமையக்காவின் ஒப்பரேசனை ஆஸ்பத்திரி தள்ளிப்போட்டது.

போகிற நாளுக்கு முதல் கிழமை மழை பெய்தது. ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல் அறை பார்த்திருந்தோம். பெனடிக்ற் யாரிடமோ வான் இரவல் வாங்கி வந்தான். சாமான் ஏற்றி முடிந்தும் பாலண்ணையைக் காணவில்லை. நான் தேடிப் போனேன். அவர் புல்வெளியின் தாழ்ந்த மூலையில், நிலத்தில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து, குழாயில் மிஞ்சியிருந்த தண்ணீரை வடிய விட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப ஏன் அண்ணை? பனிக்கு இன்னும் கனகாலம் கிடக்கு."

"வாறவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. வெடிச்சால் பேந்து முழுக்கக் கிண்டவேணும்."

தண்ணீர் முதலில் வேகமாக வந்தது. பிறகு மெல்லிய நூலாக வந்தது. பிறகு சொட்டியது. அருமையக்கா ஆஸ்பத்திரி அட்டையும் படமும் வைத்த பையை மார்போடு அணைத்தபடி வந்து பக்கத்தில் நின்றா. புல்வெளி முழுக்கப் பச்சை பிடித்திருந்தது. அந்தக் கரிந்த இடத்தில் மட்டும் மற்ற இடங்களைவிட மெல்லிய, இளசான புல் முளைத்திருந்தது. ஒருவரும் அதை மிதிக்கவில்லை.

"இஞ்சாருங்கோ."

"ம்."

"அங்கை ஆறியிருக்குமோ?"

பாலண்ணை மூடியைப் பூட்டினார். கையை வேட்டியில் துடைப்பதுபோல் காற்சட்டையில் துடைத்தார்.

"அங்கையும் இந்தக் கிழமை மழையாம்," என்றார். "பெர்னடெற் சொன்னவ."

அக்கா தலையாட்டினா. ரோட்டில் பெனடிக்ற் ஹோர்ன் அடித்தான். வானுக்குள் ஏறும் மட்டும் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வான் வெளிக்கிட்ட பிறகு பெனடிக்ற்றை நான் இரகசியமாகக் கேட்டேன், கொக்கா எப்ப போன் பண்ணினவ என்று.

அவன் ரோட்டைப் பார்த்தபடி கியரை மாற்றினான்.

"ரெண்டு கிழமையா லைனே இல்லை மச்சான்," என்றான்.